கீழே உங்கள் பெயரும் தேதியும்

14 அக்டோபர் 2024, திங்கள்

ஆறாம் வகுப்புக்கு லேப் இருந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தலை வலிக்கவில்லை. ஒன்றுமே வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. அங்கே கணினியில் ‘அடுக்கு’ நிரலைத் திறந்தால் முதல் திரையிலேயே எழுதியவர்கள் பெயர் வரும்: சாம்ராஜ், பிரிஸ்கில்லா. அவனும் நானும், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

சாம் போய் எட்டு மாதம். கயத்தாறு தாண்டி, நாலுவழிச் சாலையில், லாரி. நான் ‘அடுக்கை’த் திறந்தும் எட்டு மாதம்.

16 அக்டோபர்

கோயம்புத்தூரிலிருந்து ஹரி என்று ஒருவர் பேசினார். தனியார் பள்ளிகளுக்குக் கணினிப் பாடம் விற்கிற கம்பெனி. ‘அடுக்கு’ வேண்டுமாம். தீப்பெட்டிகளை உள்ளே இருக்கும் குச்சிக் கணக்குப்படி வரிசைப்படுத்திக் காட்டுவது ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

எடுத்துக்கொள்ளுங்களேன், இலவசம்தானே, விற்கவும் செய்யலாம் என்று நிபந்தனையிலேயே இருக்கிறதே என்றேன். அதற்கில்லை மேடம் என்றார். அவர்களுக்குப் பெயர்களை எடுக்க வேண்டும். அதற்குத்தான் கையெழுத்து. இனி நான் இலவசமாகப் புதுப் பதிப்பு எதையும் வெளியிடக் கூடாது. ஏற்கெனவே வெளியே போனதைத் திரும்ப வாங்க முடியாது என்று அவர்களுக்கும் தெரிகிறது. அது பழசாகித் தானாகப் போய்விடுமாம்.

பதிலுக்கு அங்கே எனக்கு வேலை, தங்க இடம். சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இந்த வீட்டை விட்டுப் போனால் போதும்.

17 அக்டோபர்

நிபந்தனைகள் மனப்பாடமாக இருக்கின்றன. யாரும் எடுக்கலாம். யாருக்கும் கொடுக்கலாம். மாற்றலாம், விற்கலாம். எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது. மாற்றினால், கீழே உங்கள் பெயரும் தேதியும் எழுதுங்கள். பிழை இருந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

ஆங்கிலத்தில் எத்தனையோ உரிமங்கள் ஆயத்தமாக இருக்கும்போது இது என்ன கூத்து என்று அப்போது சண்டை போட்டேன். “ஏட்டி, ஆறாப்புப் பிள்ள வாசிச்சாப் புரியணும்” என்றான் சாம். அதோடு சண்டை முடிந்தது. ஒரே திரையில் அடங்க வேண்டும் என்று ராத்திரி பகலாக வார்த்தைகளை வெட்டிக்கொண்டிருந்தான்.

18 அக்டோபர்

தாள்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் இல்லாததால் சாமின் பங்கில் பாதி அவன் அப்பாவுக்காம். மாமாவின் கையெழுத்தும் வேண்டும்.

20 அக்டோபர், ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் நேராகக் குளத்தூர் பஸ். மழை பெய்திருந்தது. செருப்பில் ஒட்டிய கரிசல் மண்ணைச் சுரண்டிவிட்டு வீட்டுக்குள் போனேன். பாக்கியசாமி மாமா உளுந்து விதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எதிலிருந்து பெயரை எடுக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

“எங்கன போடணும்னு காட்டும்மா” என்றார். காட்டினேன். சாம் பெயர் போவதில் சம்மதம்தானா என்று ஒருமுறை கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“ஆளே இல்ல. பேரு இருந்தா என்ன, போனா என்ன? நீ கோயமுத்தூருக்குப் போயி நல்லா இரி.”

போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. இவ்வளவு சுலபமா? நானும் அதே சுலபத்தில்தானே சரி என்றேன்? பிறகு ஏன் அவர்மேல் கோபம்?

22 அக்டோபர்

ஹரி தாள்களைக் கேட்டார். நாளை என்றேன்.

23 அக்டோபர்

நாளை என்றேன்.

25 அக்டோபர், வெள்ளி

சுதாராணி என்று ஒரு டீச்சர், புதியம்புத்தூரிலிருந்து போன். முன்பின் தெரியாது. ‘அடுக்கை’ எடுத்துத் தன் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறாள். அங்கே வீட்டுக்கு வீடு தையல் மெஷின் என்பதால் தீப்பெட்டிக்குப் பதில் சட்டையும் வைக்கலாம், குச்சிக்குப் பதில் காலர் அளவு.

“அக்கா, ரெண்டு சட்டை ஒரே சைஸா இருந்தா நிக்கவே மாட்டேங்கு. ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டே இருக்கு. பிள்ளைக சிரிக்குதுவ. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு தெரியல.”

அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டால் பார்த்துத் திருத்திக் கொடுக்கக் கூடாது.

26 அக்டோபர், சனி

திறந்தேன்.

தப்பு சுதாராணியுடையது இல்லை, சாமுடையது. பக்கத்துப் பெட்டியைவிடப் ‘பெரியது’ என்றால் இடம் மாற்று என்று எழுதாமல், ‘பெரியது அல்லது சமம்’ என்று எழுதிவைத்திருக்கிறான். சமமான இரண்டும் காலத்துக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அவன் வைத்த தீப்பெட்டிகளில் ஒன்றுபோல் இரண்டு இல்லை, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. பொறுப்பல்ல என்று எழுதிவைத்துவிட்டுப் போயே போய்விட்டான். எவ்வளவு வசதி உனக்கு.

ஒரே ஒரு சமக்குறியை அழித்தேன். சரியாகிவிட்டது.

மேலே எங்கள் இரண்டு பேர் பெயர். அதற்குக் கீழே சுதாராணி, தேதியோடு, ஒழுங்காக. என் பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே, மறுபடி எதற்கு? ஆனால் நிபந்தனை எல்லாருக்கும்தான். மாற்றியவர்: பிரிஸ்கில்லா. 26.10.2024. தேதியை அடிக்கும்போது அழுகை வந்தது. அவன் பார்க்காத ஒரு தேதியை அவன் பெயருக்குக் கீழே போட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் அழுதேன்.

முகம் கழுவிவிட்டு வெளியிட்டேன். இலவசமாக. ஹரிக்கு இரண்டு வரி எழுதினேன்.

27 அக்டோபர்

மாமாவுக்குப் போன் பண்ணி, கொடுக்கவில்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறேன் என்றேன். சரிம்மா என்றார். வைக்கப்போனவர், “அவன் பேரு அதுல எங்கன வரும்? ஒருநா கொண்டுவந்து காட்டுதியா?” என்றார்.

28 அக்டோபர், திங்கள்

ஆறாம் வகுப்புக்கு லேப். போனேன். பிள்ளைகள் முதல் திரையைச் சத்தமாக வாசித்தார்கள், சாமிலிருந்து சனிக்கிழமைத் தேதிவரை. இரண்டு தீப்பெட்டிகளில் ஒரே எண்ணிக்கையில் குச்சி வைத்து ஓடவிட்டேன்.

நின்றது.