மாமா ருசிபார்த்த ஷாம்பெயின்

சங்கரன்கோவில், 1976

அன்புள்ள அத்தானுக்கு,

பிரெஞ்சுக் கப்பலிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய ஷாம்பெயின் வந்தது. இருபது வருடப் பழசு என்று சொன்னதும், "பெத்தவனுக்குப் பழசையா அனுப்புவான்?" என்று உங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் கப்பலேறியதிலிருந்தே அந்தக் கோபம்தானே.

மதுவிலக்குக் காலத்தில் வம்பு எதற்கென்று கொட்டிவிடத்தான் திறந்தேன். தக்கை வெடித்து, மாமா மீசையெல்லாம் நுரை. நாக்கால் தொட்டுப் பார்த்தவர், டம்ளரை நீட்டினார்.

"புளியங்குடி எலுமிச்சை வாசம் அடிக்கு. அடியில வறுத்த கடலை. கெட்டுப்போகலட்டி!"

நான் குடிக்கவில்லை. மிச்சத்தை வீணாக்கவில்லை, அவ்வளவுதான். எழுத்து கோணியிருந்தால் பேனாதான் காரணம்.

"ஏட்டி, அந்தப் பய எப்ப வாரானாம்? ரெண்டு பாட்டில் கொண்டாரச் சொல்லு" என்கிறார்.

பாட்டில் கிடைக்கவில்லையென்று தங்கிவிடாதீர்கள். வெறுங்கையோடாவது வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி