அறுபதுக்கு இருபத்திரண்டு

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

போனில் பேசினால் எனக்கு வார்த்தை வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அப்பாவை ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நிமோனியா போய்விட்டது. ஆனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபி செய்யும் அக்கா தோளிலிருந்து கணுக்கால்வரை இரண்டு பக்கமும் அசைக்கச் சொல்லி மார்க் போட்டார். அறுபதுக்கு இருபத்திரண்டு. ஒன்பதாவதோடு நின்ற நானே இவ்வளவு மோசமாக வாங்கியதில்லை. நீ இன்னொரு தடவை வந்தால் தேறிவிடுவார்.

உன் தங்கை

ஜூன் 12

வாயில்லாப்பூச்சிக்கு,

ஐ.சி.யு.வில் வந்து பார்த்தேனே, போதாதா? கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார். "நான் நம்ம பட்டறையை விட்டுப் போனதுக்குக் கோபம் இல்லேன்னா, என் கையை ஒருதரம் அழுத்துங்கப்பா" என்று கேட்டேன். பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷம் லேத் ஓட்டிய கை. ஒரு விரல்கூட அசையவில்லை. பதில் புரிந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு. என்னைக் கூப்பிடாதே.

அண்ணன்

ஜூன் 21

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டு, நானாகவே போய்ப் பிசியோ அக்காவிடம் பேசினேன். நம்புவாயா?

ஐ.சி.யு.வில் கிடக்கும் முதல் வாரத்திலேயே தசை கரைய ஆரம்பித்துவிடுமாம். நோயோடு உடம்பு போடும் சண்டையில் நரம்பும் சேர்ந்து அடிவாங்குமாம். அப்பாவின் தொடையில் ஸ்கேன் கருவியை வைத்து, மெலிந்துபோன தசையைத் திரையில் காட்டினார். "முன்னாடி உயிரைக் காப்பாத்தினாப் போதும்னு இருந்தோம். அதுக்கப்புறம் அவங்க எப்படி எழுந்து நடக்கறாங்கன்னு இப்பதான் நிறைய ஆராய்ச்சி நடக்குது" என்றார். தூக்க மருந்தைக் குறைத்து வென்டிலேட்டரோடேயே உட்காரவைத்துப் பார்க்கிறார்களாம். படுத்தபடியே சைக்கிள் மிதிக்கவைக்கிறார்களாம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது இன்னும் சரியாகத் தெரியாதாம். இவ்வளவு படித்தவர்கள் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு கட்டைவிரல் அசைகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது.

நேற்று அப்பா கட்டிலோரத்தில் இருபது நொடி உட்கார்ந்தார். வார்டே எட்டிப் பார்த்தது.

மூச்சுக்காகப் போட்டிருந்த தொண்டைக் குழாயை எடுத்துவிட்டதால் கொஞ்சம் பேசுகிறார். நீ அன்று கேட்டதைச் சொல்லிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அழுத்தினேன்மா. இருந்த பலம் மொத்தத்தையும் போட்டு அழுத்தினேன். அவன் கையை எடுத்துக்கிட்டப்பதான் தெரிஞ்சுது, அவனுக்கு எட்டலைன்னு."

உன் தங்கை