‘காணும்’ என்று எழுதியிருந்தாய்

இன்று காலை ஆசிரியைகள் அறைக்குள் நுழையும்போதே பசை நெடி. பழைய பத்திரிகைகளைத் தைத்து அட்டை போட ஆள் வந்திருக்கிறார். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சுகிறார். ஈரம் காயட்டும் என்று அவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போன தொகுப்பைச் சும்மா புரட்டினேன். உன் கட்டுரை வந்தது. கடைசி வரிவரை போகாமல் மூடிவிட்டேன். அது எனக்கு மனப்பாடம். ‘இன்னும் உள்ளே போனால் காரணம் காணோம்.’

நீ எழுதியது அப்படியல்ல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம், இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.

திருவனந்தபுரத்தில் கணக்கு வகுப்பில் பெண்களென்று நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். படிப்பு முடிந்து நான் நாகர்கோவிலில் கணக்கு டீச்சர் ஆனேன், நீ மார்த்தாண்டத்தில் சயன்ஸ் டீச்சர். அதோடு நான் நின்றுவிட்டேன். நீ நிற்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜெர்மன் நர்ஸம்மாவிடம் போய் ஜெர்மன் படித்தாய். எதற்கடி இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். அந்த அம்மாவின் தம்பி ஊரிலிருந்து ஒரு புத்தகம் அனுப்பப் போகிறார், அதைப் படிக்க வேண்டும் என்றாய்.

அந்தப் புத்தகம்தான் நம் இருவருக்கும் எமனாக வந்தது. ஒரே மாதிரி இரண்டு ரேடியம் அணுக்கள். ஒன்று இன்று உடைகிறது, மற்றது ஆயிரம் வருஷம் சும்மா கிடக்கிறது. ஏன்? விடை இல்லை. நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது உள்ளே ஒளிந்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அந்தப் புத்தகம் கணக்குப் போட்டு அடைத்தது. அப்படி ஒன்று ஒளிந்திருக்கவே முடியாது, நிரூபித்தாயிற்று என்றது. படித்தவர்கள் தலையாட்டினார்கள். நம் பழைய புரொபசர் கூட்டம் போட்டுச் சொன்னார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ பஸ்ஸை விட்டு இறங்கி, கோட்டாற்றுக் கடையில் ஒரு நாழி நெல் வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். சாப்பாட்டு மேஜையில் அதைக் கொட்டினாய். இதில் நூறு மணியை நனைத்துப் போட்டால் எத்தனை முளைக்கும் என்று தெரியும், இன்னொரு நூறைக் குத்தினால் எத்தனை முழு அரிசியாகும், எத்தனை நொய்யாகும் என்று தெரியும், சரிதானே என்றாய். சரி என்றேன். முளைத்த நெல்லைக் குத்திப் பார்க்க முடியாது, குத்திய நெல் முளைக்காது, சரிதானே என்றாய். இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

“குவியலுக்கு ரெண்டு சராசரியையும் கூட்டிக்கிடலாம். தப்பே கிடையாது. ஒத்த நெல்லுக்கு எப்பிடிட்டி கூட்டுவ? ஒண்ணைப் பாத்தா மத்ததைப் பாக்க முடியாதே” என்றாய். “அந்தப் புஸ்தகம் எழுதுன மனுஷன் குவியல்ட்ட கேக்க வேண்டியதை ஒவ்வொரு மணிகிட்டயும் கேட்டிருக்கான். அந்த ஒரு படியிலதான் நிரூபணம் பூரா நிக்குது.”

இரண்டு வாரம் உட்கார்ந்து அந்தப் படியைச் சரிபார்த்தேன். நீ சொன்னது சரி. நிரூபணம் அங்கே நொண்டுகிறது. ஒளிந்த காரணம் இருந்தே தீரும் என்று நீ சொல்லவில்லை. இருக்கவே முடியாது என்று அவர் சொன்னதுதான் நிற்கவில்லை. உன்னிடம் அதை நான் எப்படிச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ‘தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை.’ அவ்வளவுதான். பாவி, ‘சரி’ என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. நீ அதற்கே முகமெல்லாம் சிரிப்பாக நின்றாய். அன்று பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, “இன்னும் உள்ள போனா எங்கயாவது காரணம் காணும் மக்கா. பக்கத்துல காணுமோ என்னவோ, அதுதான் எனக்குப் பிடிபடல. தேங்காய்ப்பட்டணத்துல கிடக்க காரணத்துக்கு இங்க ஒண்ணு ஆடணும்னா அதுவும் சொகமில்ல” என்றாய். அதையும் எழுதப்போவதாகச் சொன்னாய்.

கட்டுரையைத் தமிழில் எழுதினாய். மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் இங்கிலீஷில் எழுதினால் எவன் பிரித்துப் பார்ப்பான் என்ற கணக்கு. மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில் நான் மாதாமாதம் கணக்குப் புதிர் எழுதிக்கொண்டிருந்தேன். அதன் ஆசிரியருக்கு என்னைத் தெரியும். என் கடிதத்தோடு உன் கட்டுரை போயிற்று.

பத்து நாளில் அவர் எனக்கு எழுதினார். கட்டுரை அருமை, ஆனால் நெல் பற்றிய பகுதி வாசகர்களைக் குழப்பும், இடமும் போதாது, நீக்கலாமா? கடைசி வரியில் ‘காரணம் காணும்’ என்றிருக்கிறதே, ‘காணோம்’ என்பதன் கைப்பிழைதானே?

நம்மூரில் ‘வீட்டில் ஆள் காணும்’ என்றால் ஆள் அநேகமாக இருக்கும் என்று அர்த்தம். மெட்ராஸில் அதைக் கேட்டால் ஆளைக் காணோம் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாதா? டீச்சர் வேலைக்காக மெட்ராஸில் எல்.டி. படிக்கும்போது ஹாஸ்டலில் வார்டன் எங்கே என்று கேட்டார்கள், ரூமில் காணும் என்றேன். ஐயோ வார்டனைக் காணோமாம் என்று மாடி முழுக்கத் தேடினார்கள். அந்த வருஷம் முடியும்வரை எனக்கு ‘காணும்’ என்றுதான் பெயர். அன்றைக்கே நம்மூர்ப் பேச்சை நாக்கிலிருந்து வழித்துப் போட்டுவிட்டேன்.

ஆசிரியருக்கு ஒரு தபால் அட்டை எழுதினேன். ‘நீக்கலாம். காணோம் என்பதே சரி.’

உன்னைக் கேட்கலாமே என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. மார்த்தாண்டம் என்ன சீமையிலா இருக்கிறது? ஆனால் கேட்டால் நீ விடமாட்டாய். ஜெர்மன் மேதையை எதிர்த்த கட்டுரை என் சிபாரிசில் வந்து, நாலு பேர் சிரித்தால், என் புதிர்ப் பக்கம் என்னாவது? உன்னைக் கேலியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சரி என்று தெரிந்த பிறகு செய்தேன் என்பதுதான் இதில் கேவலம். தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பத்திரிகை வந்த மறுநாளே கையில் அதோடு வந்து நின்றாய். கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினாய்.

“இது யாருட்டி மாத்துனது?”

“மெட்ராஸ்காரனுவ. நம்ம பேச்சு அவனுவளுக்கு விளங்கல” என்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்று நம்மூர்ப் பேச்சு என் வாயில் தாராளமாக வந்தது.

நீ நம்பினாய். பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு சிரித்தாய். “போட்டும், ஒரு திருத்தம் எழுதிப் போடு. ஒனக்குத்தான் அவனுவளைத் தெரியும்.” போடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். தபாலில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஆசிரியர் என் அட்டையை எடுத்து எனக்கே திருப்பி அனுப்புவார்.

பிறகு மாதம் தவறாமல் கேட்டாய். “இந்த மாசம் திருத்தம் காணுமா?” காணும் என்று சொல்லி அனுப்புவேன். அடுத்த மாதமும் கேட்பாய். எனக்குக் கோபம் வரும். நீயே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா? என்மேல் ஒரு சந்தேகம்கூட வராத அளவுக்கு அப்படி என்ன நம்பிக்கை உனக்கு? நீ சந்தேகப்பட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

விஷஜுரத்தில் ஒன்பது நாள் கிடந்து போனாய். உன் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பழைய புரொபசரும் வந்திருந்தார். அணுவுக்குள் காரணம் இல்லை என்ற பெரிய உண்மையைத் தமிழில் இத்தனை எளிதாகச் சொன்னவர் வேறு யாருமில்லை என்று உருகினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து, அவள் சொன்னது அதற்கு நேர் எதிர் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அடுத்து என்னைத்தான் பேச அழைத்தார்கள். உன் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் மறுப்பு இன்றும் என் தலையில் படிப்படியாக இருக்கிறது. கேட்டால் இப்போதே பலகையில் எழுதிக் காட்டுவேன். எழுதினால், கட்டுரையில் இது ஏன் இல்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து, உன் வாழ்நாள் வேலையை உன்னோடு புதைத்தது போதாதென்று மேலே மண்ணும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜுரத்தில் ஏழாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். கண்ணைத் திறந்து, திருத்தம் போடாத அந்த மெட்ராஸ்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினாய். இவ்வளவு திட்டாதே, உடம்புக்கு ஆகாது என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ திட்டி முடித்துவிட்டு, “நீ எவ்வளவு அலைஞ்சிருப்ப, பாவம்” என்றாய்.