கத்தி படாத மரத்தில் உங்கள் கொடி

போன இடத்திலும் மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் என் அருமை மச்சானுக்கு,

அக்கா நலம். நலம் என்றால், சோறு வடிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டாள். சுவரைக் கண்டால் பிடித்து ஏறப் பார்க்கிறாள். யாருடைய பிள்ளை என்று எவரும் கேட்கத் தேவையே இல்லை.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரையா சொல்கிறார். ஆகவே நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது என்னைப் பொறுத்துக்கொண்டதைவிட இது சுலபம்.

இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே இந்த ரப்பர் தோட்டத்தில் என் மச்சான் ஸ்டோர் கிளாக்கராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். இவர் காட்டுக்குப் போவார். கொண்டுவந்த கொடிகளைப் பழைய பேப்பருக்குள் விரித்து, கல்லை ஏற்றி, ரப்பர் ஷீட் காயும் புகை அறையின் ஒரு மூலையில் காயவைப்பார். அதனால் அவர் கொடியும் புகை மணக்கும், கோட்டும் புகை மணக்கும். “கட்டிக்கிட்டது மாப்பிள்ளையவா கருவாட்டையா?” என்று அக்காவிடம் நான் கேட்காத நாளில்லை.

உங்களைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு கொடிதான். ஒரு பெருங்காற்றுக்கு மறுநாள், காட்டோரத்தில் விழுந்து கிடந்த ஒரு கிளையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சீப்புப்போலக் கீறிய பெரிய இலை. படகுபோலக் குவிந்த ஒரு மடல், அதற்குள் சோளக்கதிரின் குட்டிபோலப் பூ. பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் புஞ்சிராளையிடம் பெயர் கேட்டீர்கள். அவர் நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மேக்க வெலக் மாத்தயா” என்றார். இது ஒரு கொடி ஐயா என்று அர்த்தம். பெரிய கண்டுபிடிப்பு! அதையும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

செடிகொடிகளுக்கு இனம் பார்த்துப் பெயர் எழுதும் பெரிய பூந்தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு அந்தக் கிளையை அனுப்பினோம். இங்கிலீஷ் கடிதம் எழுதிக்கொடுத்தது பெரிய கிளாக்கரையா. பதில் வந்தது: இப்படி ஒன்று எங்களிடம் இல்லை, புதிய இனமாக இருக்கலாம், ஆனால் முறிந்து விழுந்த ஒரு கிளையை வைத்து ஒன்றும் எழுத முடியாது. வேரிலிருந்து பூ வரைக்கும் ஒரே தண்டு வேண்டும். காயும் வேண்டும்.

அதற்குப் பிறகு நீங்கள் தேடியது அந்தச் சீப்பிலையைத்தான். ஆற்றோரம், பாறையோரம், தெரணியகலைப் பாதை முழுக்கத் தேடினீர்கள். கிடைக்கவில்லை. கிளை விழுந்த காட்டையே வெட்டி எரித்து ரப்பர் வைத்துவிட்டார்கள். அந்தப் புகையைப் பார்த்து நின்ற உங்கள் முகத்தை வைத்து மட்டும் நான் ஒருநாளும் கேலி செய்ததில்லை.

காய்ச்சல் ஏறி நீங்கள் பிதற்றியபோதுகூட, “கீழ எங்கயாச்சும் இருக்கணும்டா” என்றீர்கள். கொயினா மருந்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என்ன செய்ய?

இப்போது செய்திக்கு வருகிறேன், மச்சான். கீழேதான் இருந்தது.

முனியாண்டி சாமி கும்பிடத் தோட்டத்தின் ஆறாம் மலைக்குப் போனோம். சாமியின் காட்டு மாமரத்தில் மணி கட்ட யாராவது ஏற வேண்டும். குரங்குக்கு அடுத்தபடி நான்தானே? அடிமரத்தில், ஓடு வேய்ந்ததுபோலப் பட்டையோடு ஒட்டிக்கிடந்தது ஒரு சின்ன இலைக் கொடி. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு ரப்பர் மரத்தின் காலிலும் அது கிடக்கும். புல்லுவெட்டுக்காரர்கள் இடுப்புயரத்துக்கு ஏறவிடாமல் வெட்டிப் போடுவார்கள்.

சாமி மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள் அல்லவா? அங்கே அது ஏறியிருந்தது. நானும் அதோடு ஏறினேன். ஒரு ஆள் உயரத்தில் இலை பட்டையை விட்டு விலகியது. இன்னும் மேலே உள்ளங்கை அளவானது. அதற்கும் மேலே ஓரத்தில் ஒரு கீறல், இரண்டு கீறல். உச்சிக்கிளையில் முகத்துக்கு நேரே உங்கள் சீப்பிலை ஆடிக்கொண்டிருந்தது. மணியைக் கட்ட மறந்துவிட்டேன். கீழே இருந்து, “டேய், சாமியப் பாத்துட்டியா?” என்று கத்தினார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

தரையில் ஒரு வேஷம், உச்சியில் ஒரு வேஷம். சீப்பிலையைத் தேடிப் போன ஒவ்வொரு காலையிலும் அதன் குழந்தையைத் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். ஏறுவதை எல்லாம் வெட்டும் இடத்தில், ஏறினால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

ஓடிப்போய்ப் பெரிய கிளாக்கரையாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, செத்த மனுசனையுமோ பகிடி பண்ணுறாய்? போ, எனக்கு முன்னால நில்லாதை.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரப்பர் பாலைப் பசையாக்கி, மிளகுக்கொடியில் பலா இலைகளை ஒட்டி, புதுக் கொடி என்று உங்கள் மேசையில் நான் வைத்தது தோட்டத்துக்கே தெரிந்த கதை. நீங்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டு, சிரிக்காமல், அதற்கும் ஒரு சீட்டு எழுதிக் கட்டினீர்கள்: ‘இனம்: மச்சினன். வளரும் இடம்: அடுப்படி. பயன்: இதுவரை தெரியவில்லை.’ அன்றைக்கு அதிகம் சிரித்தது நான்தான். அதே பசை இப்போது என் வாயில் ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்பவில்லை.

அக்கா அதைவிட மோசம். அழக்கூட இல்லை. “அவரு இருந்தப்ப ஒட்டுன, சரி. இப்ப யாரச் சிரிக்க வைக்கப் போற?” என்றாள்.  

கொடியை முழுசாக எடுக்க உத்தரவு கேட்டு, முனியாண்டிக்குப் பூசை செய்யும் மாரிமுத்துப் பூசாரியிடம் போனேன்.

“சாமி மரத்துல கத்தி வச்சா கை நிக்காது, தெரியுமில்ல?”

“கத்தி வேணாங்க. கையாலயே உரிச்சு எடுக்கிறேங்க.”

என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “கையி சாமி குடுத்தது. ஏறு. ஒண்ணுதான் எடுக்கணும், மத்தத விட்டுறணும். செருப்போட ஏறாத.”

“எங்கிட்ட செருப்பு ஏதுங்க?”

மரத்தில் பல தண்டுகள் இருந்தன. ஒன்றை மட்டும் வேரிலிருந்து உச்சி வரை, முறியாமல், நகத்தாலேயே பிரித்தேன். அதன் பால் பட்டுக் கையெல்லாம் அரிப்பு. நீங்கள் தேடிய கொடி என்னைச் சொறிய வைத்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அக்கா சாமி எல்லைக்குள் வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையிலேயே நின்றாள். பெரிய கிளாக்கரையாவும் குடையை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார், என்னைப் பிடித்துத் திட்டுவதற்காகவே. தண்டைக் கொண்டுபோய் அவர்கள் காலடியில் நீளமாகப் போட்டேன். அக்கா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். ஒவ்வொரு கணுவாக விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள்.  சின்ன இலையில் தொடங்கியவள் சீப்பிலைக்கு வந்து நின்றாள்.

“எங்கயும் ஒட்டு இல்லடா,” என்றாள். அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டாள். “இம்புட்டு நாளும் அவரு கால்லயா கெடந்துச்சு?”

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். நீங்கள் போனபோதுகூட அப்படி அழவில்லை. பெரிய கிளாக்கரையா குடையை விரித்து அவளுக்குப் பிடித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

புகை அறையில், உங்கள் மூலையிலேயே காயவைத்தோம். ஸ்டோரில் ஒருவரும் தடுக்கவில்லை. காய்ந்ததும் அனுப்பினோம், துரையின் பதிலும் வந்துவிட்டது. இரண்டு இலையும் ஒரே கொடிதான். இதுவரை எவரும் எழுதாத இனமாகவே தெரிகிறது. காய் கிடைத்ததும் விவரம் எழுதத் தொடங்கலாம். கண்டெடுத்தவர் பெயர் என்ன? பெரிய கிளாக்கரையா எழுந்து நின்று அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “யாற்ற பேரை எழுத?” என்றார். கேட்டுவிட்டு அவரே உங்கள் பெயரை எழுதினார். கீழே என் பெயரையும் சேர்க்கப் போனார். வேண்டாம் என்றேன். எனக்குத்தான் நீங்கள் ஏற்கெனவே ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிட்டீர்களே?

சாமி மரத்துக் கொடியில் காய் இன்னும் பச்சையாக இருக்கிறது. அதற்கிடையில் ஒரு வேலை செய்தேன். உரித்த தண்டின் பக்கக்கிளை ஒன்றை மட்டும் ஈரச்சாக்கில் வைத்திருந்து, உங்களை அடக்கிய இடத்துக்குப் பக்கத்து மரத்தடியில் நட்டேன். பிடித்துவிட்டது. ஆனால் அங்கேயும் புல்லுவெட்டு வருமே? சிவப்புத் துணி ஒன்றை மரத்தில் சுற்றினேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றையும் கட்டிவிட்டேன். மறுவாரம் புல்லுவெட்டுக்காரர்கள் அந்த மரத்தைச் சுற்றி விலகிப் போனார்கள். போன வெள்ளிக்கிழமை யாரோ தேங்காய் உடைத்திருக்கிறார்கள். பூசாரி மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விபூதியைக் கிள்ளி மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

மச்சான், காய் பழுத்த அன்று அதை நானே ஏறிப் பறித்து அனுப்புவேன். உங்கள் மரத்துக் கொடியும் இடுப்புயரம் தாண்டும், இலை விரியும், கீறும். சீப்பாகும்வரைக்கும் எந்தக் கத்தியையும் கிட்டே விடமாட்டேன். அதற்குச் சாமியே ஆட வேண்டுமென்றாலும் ஆடிவிடுகிறேன். பிள்ளைக்கு நடை வந்ததும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன், அடியிலிருந்து தடவிப் பார்க்கச் சொல்ல.

பசை இல்லாமலே ஒட்டிக்கொண்ட,
உங்கள் மச்சினன் வேலு