பக்கத்துத் தட்டுக்கு எட்டிய சேதி

என் செல்ல ரீட்டா,

பிழைத்துவிட்டன. இன்று காலை கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்துத் தட்டு அவரைக் கன்றுகள் ஒன்றுகூடத் தலை சாயாமல் நிற்கின்றன. இது மூன்றாவது தடவை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்று தெரிந்தும், கை போனை எடுத்து உன் நம்பரைத் தேடியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பிறந்தவள் நீ. படிப்பு முடிந்ததும் அம்மாவோடு ஒக்கலிபுரத்துக்குக் குடிவந்து, அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, சந்தாபுராவில் இருக்கும் எங்கள் சிறிய ஆய்வகத்துக்கு வந்தாய். போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டே போகிற நிலத்தில் எந்த அவரை தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி, அவை எப்படி இருக்கின்றன என்று நோட்டில் எழுதுவது உன் பொறுப்பு. உனக்கு மேலே நான்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டு. ஒன்றுக்கு உப்புத் தண்ணீர், இன்னொன்றுக்கு நல்ல தண்ணீர். சில நாள் கழித்து, நல்ல தண்ணீர் குடித்த கன்றுகளுக்கும் உப்புக் கொடுத்தோம். அவை வாடியிருக்க வேண்டும். வேறு அறையிலிருந்து கொண்டுவந்து அதே உப்பைக் கொடுத்த கன்றுகள் அப்படித்தான் சுருண்டு விழுந்தன. இவை மட்டும் நின்றன.

எல்லார் முன்னாலும் கேட்டேன். "ரீட்டா, தண்ணியை மாத்தி ஊத்திட்டியா?"

"இல்லக்கா. தட்டுல ஒட்டின சீட்டு பாத்துத்தான் ஊத்தினேன். நோட்டுல இருக்கு பாருங்க."

"அப்புறம் எப்படி நிக்குது? உப்பு வருதுன்னு பக்கத்துச் செடி போன் பண்ணிச் சொல்லுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "சொல்லுச்சோ என்னவோ. நான் மாத்தி ஊத்தலக்கா," என்றாய். தட்டுகளைக் குப்பையில் கொட்டச் சொன்னேன். நீதான் கொட்டினாய். நோட்டை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் டப்பாவில் எனக்கும் சேர்த்துப் புளிசோறு கொண்டுவந்தாய். எப்படி உன்னால் முடிந்தது? அதற்குப் பிறகு இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில்தான் வேலை செய்தோம். அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பிறகு டெங்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

உன் இடத்துக்கு ஆள் வரும்வரை நானே தண்ணீர் ஊற்றினேன். அதே பெட்டி, அதே இரண்டு தட்டு. சீட்டு எழுதியது நான், ஊற்றியதும் நான். பக்கத்துத் தட்டு வாடாமல் நின்றது. அன்று பகல் முழுக்க அந்தப் பெட்டிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன், ரீட்டா. மாற்றி ஊற்றியதாகக் குறை சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.

ஒரு செடி தனக்குள்ளேயே எப்படிச் சேதி அனுப்புகிறது என்பது எனக்குத் தெரியும். கால்சியம் கூடினால் ஒளிரும்படி மாற்றிய ஒரு சின்னச் செடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். வேர் நுனியில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் பட்டதும், அங்கே ஒரு பச்சை வெளிச்சம் கிளம்பி, ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தாவித் தாவி மேலே ஏறியது. உப்பு இன்னும் இலைக்குப் போகவில்லை, சேதி போய்விட்டது. பிறகு இலையில் ஒரு ஹார்மோன் ஊறி, காற்று வாங்கும் நுண்துளைகளை மூடுகிறது. வேர் உப்பை வெளியே தள்ளுகிறது. தள்ள முடியாததை ஒவ்வொரு செல்லும் தனக்குள் ஒரு பையில் போட்டுப் பூட்டிவைக்கிறது. மூளை இல்லை, நரம்பு இல்லை. யார் உத்தரவு போடுகிறார்கள்?

ஆனால் தட்டுக்குத் தட்டு மண் வேறு, தண்ணீர் வேறு, வேரும் தொடவில்லை. நடுவில் இருந்தது காற்று மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்துப் பார்த்தேன், பக்கத்துத் தட்டு வாடியது. தடுப்பை எடுத்துவிட்டுப் புதுக் கன்றுகளோடு பார்த்தேன், நின்றது. உப்பில் தவிக்கிற கன்று நம் மூக்குக்கு எட்டாத ஏதோ ஒன்றைக் காற்றில் விடுகிறது. பக்கத்துக் கன்று அதை வாங்கிக்கொண்டு, உப்பு வருமுன்பே தயாராகிவிடுகிறது. வேறு செடிகளில் வேறு ஊர்க்காரர்கள் இதை முன்பே பார்த்து எழுதியும் இருக்கிறார்கள். நான்தான் படிக்கவில்லை. நீ படிக்காமலே பார்த்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரத்துக்குப் போனேன். அம்மா அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் உன்னைக் கேலி பேசியதையும்.

"அப்படி என்னாம்மா சொல்லுது அந்தச் செடி?" என்று கேட்டார்கள்.

"தண்ணியில உப்பு வருது, உஷாரா இருன்னு சொல்லுதும்மா."

சர்ச்சுக்குக் கொண்டுபோன பையைக் கீழே வைத்தார்கள். பிறகு, "அன்னிக்கு அழுதுக்கிட்டே வந்தா. செடி மேலயும் தப்பில்ல, எம் மேலயும் தப்பில்லம்மான்னா. எனக்கு ஒண்ணும் புரியல," என்றார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று இருந்தேன். எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார்கள்.

இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பெயர் உன்னுடையது, அடுத்தது என்னுடையது. முதல் தட்டுகளைப் பார்த்தவள் நீ என்றும், அவற்றைக் கொட்டச் சொன்னவள் நான் என்றும் அதில் இருக்கும். வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில், அன்று சிரித்த அத்தனை பேர் முன்னாலும் நின்று அதை வாய்விட்டு வாசிப்பேன். அது சத்தியம்.

உன் செல்வி அக்கா