மாமரத்தடியில் ஒரு பறவை

ஜரினா,

காலையில் உன் அறைக் கதவைத் தட்டியது, சிமென்ட் தளத்துக்காக நேற்று போட்ட சண்டையைத் தொடர அல்ல. பின்பக்கம், தளம் போட இருந்த மாமரத்தடியில் ஒரு பறவை வந்திருக்கிறது. அதைக் காட்டத்தான் தட்டினேன். நீ திறக்கவில்லை.

மைனா அளவுதான் இருக்கும். முதுகு பச்சை, சிறகில் நீலம், வாலுக்கடியில் நல்ல சிவப்பு. கண்ணில் மை தீட்டிய மாதிரி கறுப்புப் பட்டை. மீன்கொத்தி என்றால் அலகு இவ்வளவு சின்னதாக இருக்காது. கிளி என்றால் இப்படித் தரையில் தத்துமா? பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னா பட்சின்னே தெர்லயேபா. யார் ஊட்லயோ வளத்தது தப்பிச்சி வந்துக்கீது" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ கூட்டவே விடாத அந்தச் சருகைத்தான் கிளறிக் கிளறிப் புழு தின்கிறது.

தளம் போட மேஸ்திரி வந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிடு. நாளைக்கு வரச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை.

பூனை வெளியே போகாமல் பின்கதவைச் சாத்தி வை. உப்புமா மூடி வைத்திருக்கிறேன். உப்பு கொஞ்சம் குறைவு.

ஹபிபு

வண்டியை எடுத்தவன் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். இப்போது விசில் அடிக்கிறது, மனுஷன் கூப்பிடுகிற மாதிரியே. என்ன பறவை என்று தெரிந்தால் போன் செய். கோபமாகப் பேசினாலும் பரவாயில்லை.