ஆல்டர்வெல் வீதி மனுவின் நாற்பத்தோராம் வரி

அனுப்புநர்:
அ. செபமாலைமுத்து,
118, ஆல்டர்வெல் வீதி,
மிச்சம், லண்டன்.

பெறுநர்:
வீதிப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
கவுன்சில் அலுவலகம்.

பொருள்: ஆல்டர்வெல் வீதியின் வேக எல்லையை மணிக்கு முப்பது மைலிலிருந்து இருபதாகக் குறைக்கக் கோருவதும், முன்னைய மனுவில் நான் எழுதிய பொய்யைத் திருத்துவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கடிதங்களை வழக்கமாக மகள் அஜித்தாதான் ஆங்கிலத்தில் எழுதித் தருவாள். இதை அவள் கையால் எழுதுவிக்க எனக்கு மனம் வரவில்லை. தங்கள் மொழிபெயர்ப்பாளருக்குச் சிரமம் தருவதற்கு மன்னிக்கவும்.

1. சென்ற செப்டெம்பரில் இவ்வீதியின் வேகத்தைக் குறைக்கும்படி 163 பேர் கையொப்பமிட்ட மனு தங்களுக்கு வந்தது. மூன்று சனிக்கிழமைகள் வீடு வீடாகச் சென்று அதைச் சேர்த்தவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்த பிறேமினி லதீசன். அவருக்கு வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள்.

2. நவம்பரில் தாங்கள் பதில் எழுதினீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வீதியில் எவரும் காயமடைந்ததாகப் பதிவு இல்லை, ஆகவே மாற்றம் தேவையில்லை என்றிருந்தது. தங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதிவில் இல்லாததைத் தாங்கள் எப்படி அறிவீர்கள்?

3. 2025 பெப்ரவரி 6ஆம் திகதி, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரப் புறப்பட்ட பிறேமினி, மருந்துக்கடைக்கு முன்னால் கார் மோதி இறந்தார். கார் இருபத்தொன்பது மைல் வேகத்தில் வந்ததாகப் பொலிசார் கூறினர். சட்டப்படி அது பிழையில்லையாம்.

4. ஐயா, அதே மருந்துக்கடைக்கு முன்னால், 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி, மாதா கோவிலில் செபமாலை முடிந்து வந்த என் மனைவி றோஸ்மலரை ஒரு வான் வண்டி அடித்து வீழ்த்தியது. கால் இரண்டிடத்தில் முறிந்தது. ஓட்டியவர் எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர். வான் ஓடித்தான் அவர் வீட்டில் அடுப்பெரிகிறது. மறுநாள் பூசை முடிந்ததும் மனைவியோடு ஆப்பிளும் நெஸ்டமோல்ட் சத்துமாவும் கொண்டு வந்து அழுதார். எங்கள் ஆளை நாங்களே பொலிசில் காட்டிக் கொடுப்பதா என்று நினைத்தேன். கோவில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி மனைவியிடம் நான்தான் கூறினேன். வைத்தியசாலையில் அவள் அப்படியே சொன்னாள். அன்று அதை இரக்கம் என்றே நம்பினேன், ஐயா.

5. பிறேமினி கையொப்பத்துக்கு வந்தபோது றோஸ்மலர் நொண்டுவதைப் பார்த்து, "ஆன்ரி, கால் இன்னும் சுகமாகேல்லையோ?" என்று கேட்டார். கோவில் படி உயரம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "அப்ப அதுக்கும் ஒரு மனு எழுதுவம் அங்கிள்" என்று சிரித்துவிட்டு, பேனாவை நீட்டினார். மனுவில் ஒவ்வொரு பெயருக்கும் நேரேயிருந்த கடைசிக் கட்டத்தில், இவ்வீதியில் தங்கள் வீட்டார் எவராவது காயமடைந்தனரா என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினேன். றோஸ்மலர் தேநீர் போட எழுந்து போய்விட்டாள்.

நேற்று முன்தினம் பிறேமினியின் முப்பத்தோராம் நாள் திருப்பலி. அவர் கணவர் லதீசன் என் கையைப் பிடித்து, மனுவில் கையொப்பமிட்டு உதவியதற்காக நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. பொலிசில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வானை ஓட்டியவரிடம் அன்றே கூறினேன். தலையைக் குனிந்தபடி, பொலிசுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். இக்கடிதத்தின் பிரதியை இன்று மாலை லதீசனிடம் நானே கொடுப்பேன். அவர் அதன்பின் என் முகத்தில் விழிப்பாரோ தெரியாது.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பார்கள். ஆயினும் அவ்விரு பிள்ளைகளும் நாளையும் அவ்வீதியைக் கடந்தே பாடசாலை செல்ல வேண்டும். ஆகவே என் மனைவியின் விபத்தைப் பதிவில் சேர்த்து, தங்கள் முடிவை மீளாய்ந்து, வேகத்தை இருபதாகக் குறைத்தருளுமாறு மன்றாடுகிறேன். பொய்க்குத் தண்டனை உண்டெனில் அது என்னுடையது. றோஸ்மலரை விட்டுவிடவும்.

பிறேமினியின் மனு தங்கள் கோப்பில் இருக்கும். நாற்பத்தோராம் வரியில், என் பெயருக்கு நேரே 'இல்லை' என்றிருப்பதைத் தயவுசெய்து வெட்டிவிட்டு, 'ஓம்' என்று எழுதிக்கொள்ளவும்.

இடம்: மிச்சம்
திகதி: 10.03.2025

இப்படிக்கு,
தாழ்மையுடன்,
அ. செபமாலைமுத்து